குவிமாடத்தின் சாந்துக் கணக்கு

நுழையும்முன்

கட்டடம் என்றவுடன் கண்ணுக்குத் தெரிவன கல்லும் செங்கல்லுமே. அவற்றை ஒன்றாகப் பிணைத்து நிறுத்தும் சாந்து பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. எத்தகைய சாந்து, எவ்வளவு சாந்து என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை கண்ட பிறகே தேர்ந்த கொத்தனார் முதற்செங்கல்லை வைக்கிறார். நேரான சுவருக்கு எளிதாக அமையும் இக்கணக்கு, வளைந்த குவிமாடத்தில் நம்மை ஏமாற்றக்கூடியது. ரொட்டி சுடும் செங்கல் அடுப்பைச் சான்றாகக் கொண்டு அக்கணக்கை விளக்குகிறது இப்பாடம்.

பிணைப்பின் பெருமை

சாந்து, காரை, சுதை எனப் பல சொற்களால் தமிழர் கட்டடப் பிணைப்புப் பொருளைக் குறித்து வந்துள்ளனர். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவளி வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் வார்க்கும்போது கொதித்து வெடித்து நீறாகும். இதனை 'நீற்றுதல்' என்பர். நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் சேர்த்து, கல்லுருளை சுழலும் செக்கில் அரைத்தெடுப்பதே காரை. கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் அதில் சேர்ப்பது மரபு. சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கரியமிலவளியை மெல்ல உட்கொண்டு இது மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது. கல்லாக இருந்தது நீறாகி மறுபடியும் கல்லாவதே சுண்ணாம்பின் வாழ்க்கை வட்டம்.

மதுரையில் 1636 ஆம் ஆண்டில் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையின் சொர்க்க விலாசத்தில், மர உத்திரமோ இரும்புச் சட்டமோ தாங்காமல் குவிமாடம் உயர்ந்து நிற்கிறது. செங்கல்லும் சுதையும் அவற்றின் வளைவுமே அதனைத் தாங்குகின்றன. வளைந்த மாடம் தன் எடையையே தனக்கு வலிமையாக மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு செங்கல்லும் கீழுள்ளதையும் பக்கத்திலுள்ளதையும் அழுத்துவதால் மாடம் இறுகுகிறது. அவ்வழுத்தத்தை ஒரு செங்கல்லிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துவது சாந்து. எனவே குவிமாடத்தில் சாந்து, இடைவெளியை நிரப்பும் பொருள் மட்டுமன்று. எடையைச் சுமக்கும் உறுப்பும் ஆகும்.

முல்லைப் பெரியாறு கற்பிக்கும் பாடம்

செப்பேடுகளால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் தேனி மாவட்டத்துச் சின்னமனூர். அவ்வூரை உள்ளடக்கிய கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்கு நீர் தருவது முல்லைப் பெரியாறு. ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887 இல் தொடங்கி 1895 இல் நிறைவுற்ற அந்த அணை, சாந்தின் ஆற்றலுக்குப் பெருஞ்சான்றாகும். இந்தியாவில் சிமெண்ட் உற்பத்தி 1904 இல் சென்னையில்தான் தொடங்கியது. அதற்கு முன்பே எழுந்த இவ்வணையின் முன்பின் முகங்கள் கருங்கல்லால் கட்டப்பட்டன. உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட்டால் நிரப்பப்பட்டது. பிற்காலத்தில் புதிய கான்கிரீட்டாலும் எஃகு வடங்களாலும் அணை வலுப்படுத்தப்பட்டது.

சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த பொடி. வெறும் சுண்ணாம்புக் காரை காற்றுப்பட்டே இறுகும்; நீருக்கடியில் இறுகாது. சுட்ட களிமண்ணிலுள்ள மணற்சத்தும் அலுமினச்சத்தும் சுண்ணாம்புடன் வினைபுரியும்போது, நீருள்ள இடத்திலும் இறுகும் பிணைப்பு உருவாகிறது. பணியின் தன்மைக்கேற்பச் சாந்தின் சேர்மானம் மாற வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம். அணையின் சாந்து நீரை எதிர்கொள்ள வேண்டும்; அடுப்பின் சாந்து நெருப்பை எதிர்கொள்ள வேண்டும்.

நெருப்பின் முன் சிமெண்ட்

ரொட்டி 200 முதல் 250 பாகை வெப்பத்தில் வேகும். ஆனால், விறகு எரியும் வேளையில் குவிமாடத்தின் உட்புறம் 400 பாகையையும் கடந்துவிடும். இறுகிய சிமெண்ட் சாந்தில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, 400 பாகைக்கு மேல் நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாக மாறத் தொடங்கும். அடுப்பு ஆறியபின் காற்றின் ஈரம் பட்டதும் அது மீண்டும் நீறி விரியும். நாள்தோறும் நிகழும் இச்சுருக்கமும் விரிவும் இணைப்புகளை உதிர்த்துவிடும். ஆகவே சிமெண்டும் மணலும் மட்டும் கலந்த சாந்து அடுப்பின் உள்மாடத்திற்கு ஏற்றதன்று.

இக்குறையை நீக்கத் தீக்களிமண் துணைபுரிகிறது. மிகுந்த வெப்பத்திலும் உருகாத இக்களிமண்ணோடு சுண்ணாம்பையும் சேர்த்து, மணல் 3 பங்கு, சிமெண்ட் 1 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, தீக்களிமண் 1 பங்கு என்னும் அளவில் சாந்து கலப்பது அடுப்புக் கட்டுவோரிடையே பரவலாக வழங்கும் முறை. கட்டும்போது மாடம் சரியாமல் பிடித்துக்கொள்வது சிமெண்டின் பணி. நாளடைவில் வெப்பத்தால் சிமெண்ட் வலுவிழந்தாலும் களிமண் தன் இடத்தை விட்டு அகலாமல் இடைவெளியை நிரப்பி நிற்கும்.

அளவியலின் துணை

நிலம், நெல், பொன் முதலியவற்றை அளக்கும் முறைகளைக் கூறும் 'கணக்கதிகாரம்' போன்ற நூல்களைப் பெற்ற மொழி தமிழ். கணக்கு ஏட்டில் மட்டுமன்றி, களத்திலும் கருவியாக இருந்தது. பத்தாம் வகுப்பில் அளவியல் பகுதியில் பயின்ற உள்ளீடற்ற அரைக்கோளமே இங்கு நமக்குக் கருவி.

சின்னமனூரில் ஒரு சிறிய ரொட்டிக்கடைக்குச் செங்கல் அடுப்பு அமைக்கப்படுவதாகக் கொள்வோம். உட்புற விட்டம் 120 செ.மீ.; அதாவது உள் ஆரம் 60 செ.மீ. பயன்படுத்தும் தீச்செங்கல்லின் அளவு 23 × 11.5 × 7.5 செ.மீ. ஒவ்வொரு செங்கல்லையும் இரண்டாக வெட்டி, 11.5 செ.மீ. கனமுள்ள மாடமாக அடுக்க வேண்டும். எனவே வெளி ஆரம் 71.5 செ.மீ. அடுப்பின் வாய்க்கும் அதன் வளைவுக்கும் தனிக்கணக்கு உண்டு. இங்கு முழு அரைக்கோளத்தையே கருதுவோம்.

மாடத்தின் கனஅளவு காண, வெளி ஆரத்தின் மும்மடியிலிருந்து உள் ஆரத்தின் மும்மடியைக் கழித்து, மூன்றில் இரண்டு பங்கு 'பை'யால் பெருக்க வேண்டும். அவ்வாறு பெருக்கக் கிடைப்பது ஏறத்தாழ 3,13,000 கன செ.மீ.; அதாவது 313 லிட்டர்.

அடுத்து, செங்கற்களின் எண்ணிக்கை. உட்புறப் பரப்பு ஏறத்தாழ 22,620 சதுர செ.மீ. அரைச்செங்கல்லின் முகம் 11.5 × 7.5 செ.மீ. இணைப்பு அரை செ.மீ. எனில், ஒவ்வொன்றும் 12 × 8 = 96 சதுர செ.மீ. இடத்தை அடைக்கும். 22,620 ஐ 96 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 236 அரைச்செங்கற்கள்; அதாவது 118 முழுச்செங்கற்கள். ஓர் அரைச்செங்கல்லின் கனஅளவு 992 கன செ.மீ. ஆதலால், 236 அரைச்செங்கற்களும் சேர்ந்து 234 லிட்டர் இடத்தை நிரப்பும்.

மாடத்தின் கனஅளவிலிருந்து செங்கற்களின் கனஅளவைக் கழித்தால் எஞ்சுவது சாந்து. 313 இலிருந்து 234 போக, 79 லிட்டர்.

வளைவு கேட்கும் விலை

இதே கணக்கைச் சுவர்க்கணக்காகப் போட்டால் விடை வேறாகும். உட்புறப் பரப்பான 22,620 சதுர செ.மீ.ஐ 11.5 செ.மீ. கனத்தால் பெருக்கினால் 260 லிட்டர் கிடைக்கும். அதிலிருந்து செங்கற்களின் 234 லிட்டரைக் கழித்தால் சாந்து 26 லிட்டர் மட்டுமே. உண்மைத் தேவையோ அதனைப்போல் மூன்று மடங்கு. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

செங்கல் நேர்விளிம்பு உடையது, மாடம் வளைந்தது. உட்புறத்தில் அரை செ.மீ. இடைவெளியோடு நெருங்கி நிற்கும் இரண்டு செங்கற்கள், வெளிப்புறம் செல்லச் செல்ல விரல்களைப்போல் விரிகின்றன. இம்மாடத்தின் வெளிப்பரப்பு உட்பரப்பைவிட 42 விழுக்காடு மிகுதி. ஆனால் இரு பரப்புகளிலும் உள்ள செங்கற்களின் எண்ணிக்கை ஒன்றே. எஞ்சும் ஆப்பு வடிவ இடைவெளிகளை எல்லாம் சாந்துதான் நிரப்ப வேண்டும்.

சுவர்க்கணக்கை நம்பிப் பொருள் வாங்கியவருக்கு நேர்வது என்ன? கோளத்திற்கு ஓர் இயல்பு உண்டு. அதனைக் கிடைமட்டமாக வெட்டினால், ஒவ்வொரு துண்டின் வளைபரப்பும் அத்துண்டின் உயரத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். இதனைக் கண்டறிந்தவர் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ். ஆகவே மூன்றில் ஒரு பங்கு சாந்து மட்டுமே உள்ளவரின் மாடம், 60 செ.மீ. உயரத்தில் 20 செ.மீ. எழுந்ததும் நின்றுவிடும்.

இவ்வாறு இடையில் நிற்பது காலத்தாழ்வு மட்டுமன்று. குவிமாடத்தில் ஒவ்வொரு வரிசையும் ஒரு வளையம். வளையம் முழுவட்டமாக மூடியதும் அது தானே நிற்கும். மூடாதவரை முட்டின்றி நில்லாது. வளையத்தின் நடுவில் சாந்து தீர்ந்தால், காய்ந்த பழைய சாந்தின் மேல் புதிய சாந்து சரியாகப் பிடிக்காது. அவசரத்தில் கலந்த புதிய சாந்தின் விகிதமும் மாறக்கூடும். விரிசல் முதலில் தோன்றுவது இத்தகைய இடங்களில்தான். கடன்பெற்றுக் கடை தொடங்கும் சிறுவணிகருக்கு அடுப்பே முதல். அது சில திங்களில் விரிசல் கண்டால், இழப்பு செங்கல்லோடு நிற்பதில்லை.

ஆர்க்கிமிடீசின் இவ்வியல்பு, பணியின் இடையே சரிபார்க்கவும் உதவும். இம்மாடத்திற்கு ஏறத்தாழ 12 வரிசைகள் வேண்டும். அடிவரிசையில் 31 அரைச்செங்கற்கள். மேலே செல்லச் செல்ல எண்ணிக்கை குறையும். நான்காம் வரிசை முடியும்போது மாடம் பாதி உயரத்தை எட்டியிருக்கும். வரிசைகளில் மூன்றில் ஒரு பங்கே முடிந்திருந்தாலும் செங்கல்லிலும் சாந்திலும் சரிபாதி செலவாகியிருக்கும். அவ்வேளையில் பாதிக்கு மேல் சாந்து தீர்ந்திருந்தால், இணைப்புகள் தடித்துவிட்டன என்று அறியலாம்.

இணைப்பின் தடிமன் சிறிது கூடினாலும் சாந்தின் அளவு பெரிதும் உயரும். அரை செ.மீ. இணைப்பு ஒரு செ.மீ. ஆனால் அரைச்செங்கற்கள் 236 இலிருந்து 213 ஆகக் குறையும். சாந்தோ 79 லிட்டரிலிருந்து 102 லிட்டராக உயரும். செங்கல்லில் மிச்சம் பிடிப்பதாகத் தோன்றினாலும், நெருப்பை நன்கு தாங்கும் பொருள் குறைந்து, எளிதில் உதிரும் பொருள் கூடுகிறது. மாறாக, செங்கற்களின் பக்கங்களை ஆப்பு வடிவில் செதுக்கினால் சாந்து பாதிக்கும் கீழாகக் குறையும். ஆனால் செங்கற்களின் எண்ணிக்கையும் வேலைநேரமும் கூடும்.

ஈரமும் உலர்வும்

79 லிட்டர் என்பது மாடத்தினுள் அடங்கும் ஈரச்சாந்தின் அளவு. கடையில் வாங்குவதோ உலர்ந்த பொடி. மணற்பருக்கைகளுக்கு இடையே வெற்றிடங்கள் உள்ளன. நீர் சேர்த்துக் கலக்கும்போது சிமெண்டும் சுண்ணாம்பும் களிமண்ணும் அவ்விடங்களுக்குள் புகுந்து அடங்கிவிடும். இதனால், ஈரச்சாந்தின் அளவை 1.33 ஆல் பெருக்கி உலர்பொருளின் அளவைக் காண்பது கட்டட மதிப்பீட்டில் வழக்கம். அதற்கு முன், சட்டியில் ஒட்டுவது, கரண்டியிலிருந்து சிந்துவது முதலிய சேதாரத்திற்குப் பத்து விழுக்காடு சேர்க்க வேண்டும்.

79 உடன் பத்து விழுக்காடு சேர 87 லிட்டர். அதனை 1.33 ஆல் பெருக்க 116 லிட்டர். மூன்றும் ஒன்றும் ஒன்றும் ஒன்றுமாக மொத்தம் ஆறு பங்கு என்பதால், ஒரு பங்கு ஏறத்தாழ 19.3 லிட்டர். எனவே தேவைப்படும் பொருள்கள்:

மணல்: 58 லிட்டர் (ஏறத்தாழ 2 கன அடி)
சிமெண்ட்: 19.3 லிட்டர் (ஏறத்தாழ 28 கிலோ, 50 கிலோ மூட்டையில் பாதிக்குச் சற்று மேல்)
நீற்றிய சுண்ணாம்புப் பொடி: 19.3 லிட்டர்
தீக்களிமண்: 19.3 லிட்டர்

செங்கல்லுக்கும் சேதாரம் உண்டு. வெட்டும்போது உடைவனவற்றைக் கருதி 118 க்குப் பதிலாக 130 முழுச்செங்கற்கள் வாங்குதல் நலம். மெல்லிய இணைப்புக்குப் பருமணல் உதவாது. சலித்த நுண்மணலே வேண்டும். கலவையின்போது கையளவு, கண்ணளவு என்று கொட்டாமல் ஒரே வாளியால் எல்லாப் பொருள்களையும் அளப்பது விகிதத்தைக் காக்கும்.

மேற்பூச்சின் மறைகணக்கு

மாடம் முடிந்தபின் அதன்மேல் 3 செ.மீ. கனத்தில் பூச்சு இடுவதாகக் கொள்வோம். பார்வைக்கு மெல்லிய போர்வை போன்ற இதற்கு எவ்வளவு சாந்து வேண்டும்? வெளி ஆரம் 71.5 இலிருந்து 74.5 செ.மீ. ஆகிறது. முன்போலவே கணக்கிட்டால் விடை 100 லிட்டர். செங்கற்களுக்கு இடையே சென்ற சாந்து முழுவதையும்விட இது மிகுதி. மாடத்திற்கு மட்டும் கணக்கிட்டுப் பூச்சை மறந்துவிடுவதே மதிப்பீட்டில் நேரும் பெரும்பிழை.

வெளிப்புறத்தில் வெப்பம் குறைவு. மழையும் ஈரமுமே அங்குப் பகை. ஆகவே பெரியாற்று அணையில் பயன்பட்ட சுண்ணாம்பும் சுர்க்கியும் இங்குப் பொருந்தும். சுண்ணாம்பு 1 பங்கு, சுர்க்கி 2 பங்கு எனக் கொண்டு, சேதாரமும் உலர்பெருக்கமும் சேர்த்தால், சுண்ணாம்பு 49 லிட்டரும் சுர்க்கி 98 லிட்டரும் தேவைப்படும். மாடத்திற்கு வெட்டிய செங்கற்களில் எஞ்சிய துண்டுகளையும் இடித்துச் சலித்துச் சுர்க்கியுடன் சேர்க்கலாம்.

தெரிந்து தெளிவோம்

ரொட்டி சுடும் அடுப்பை இலங்கைத் தமிழர் 'போறணை' என்பர். இது போர்த்துகீசியரின் 'ஃபோர்னோ' என்னும் சொல்லிலிருந்து வந்தது. கேரளத்தில் இதனைப் 'போர்மா' என்பர். மதுரை வட்டாரத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்குக் 'காளவாசல்' என்பது பெயர். மதுரை நகரின் ஒரு பகுதிக்கே அப்பெயர் வழங்குகிறது.

கட்டுதலும் காய்தலும்

கணக்கு முடிந்தபின் களம். அடுப்பின் தரைமேல் ஈரமணலை அரைக்கோளமாகக் குவித்து அதன்மேல் செங்கல் அடுக்குவது ஒரு முறை. இம்மாடத்திற்கு 452 லிட்டர், அதாவது 16 கன அடி மணல் அச்சாக வேண்டும். மாடம் இறுகியபின் வாய்வழியே வாரியெடுத்து வேறு பணிக்குப் பயன்படுத்தலாம். செங்கற்களை முன்னரே நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். நீரிழந்த சாந்து இறுகாமல் பொடியாகும். சுண்ணாம்பைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதவை. கண்ணில் பட்ட சுண்ணாம்பு பார்வையையே பறித்துவிடக்கூடும்.

கட்டி முடித்த அடுப்பில் உடனே பெருந்தீ மூட்டலாகாது. சாந்துக்குள் தங்கிய நீர் ஆவியாகும்போது தன்னைப்போல் 1,600 மடங்குக்கும் மேலாக விரியும். வெளியேற வழியின்றித் திணறும் ஆவி மாடத்தைப் பிளந்துவிடும். முதலில் நிழலிற் காயவிட்டு, பின்னர் நாள்தோறும் சிறுதீயிட்டு, மெல்ல மெல்ல வெப்பத்தைக் கூட்டுவதே முறை. கணக்கில் காட்டிய கவனத்தைக் காத்திருப்பதிலும் காட்ட வேண்டும்.

அணையாயினும் அடுப்பாயினும், பொருளின் இயல்பை அறிவதும் அதன் அளவை அறிவதும் கட்டுவோருக்கு இரு கண்கள். சுவருக்குரிய கணக்கை மாடத்திற்கு இட்டால் 79 லிட்டர் 26 ஆகத் தோன்றும். நீருக்குரிய சாந்தை நெருப்பின் முன் வைத்தால் வலிய கட்டும் உதிரும். ஏட்டில் கற்ற அளவியல் கொத்தனாரின் கரண்டியோடு சேரும்போது, பொருளும் உழைப்பும் வீணாகாமல் மாடம் நிலைபெறுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கொத்தனார் ஒருவரைக் கண்டு, சாந்து தொடர்பாக வழங்கும் கலைச்சொற்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.

2. உள் ஆரம் 45 செ.மீ. உடைய குவிமாடத்திற்கு வேண்டிய அரைச்செங்கற்கள், ஈரச்சாந்து ஆகியவற்றின் அளவைக் கணக்கிட்டு, பாடத்தில் உள்ள மாடத்துடன் ஒப்பிடுக.

3. சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்ட பழைய கட்டடம் ஒன்றைப் பார்வையிட்டு, அதன் இன்றைய நிலை குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.